கட்டை இறக்கிய வசந்தப் பாட்டு

மே மாதம் பிறந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அலமாரியைத் திறந்து குளிர் உடுப்புகளை வெளியே இழுத்துப் போடுவேன். அதைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் துடைக்கப் போவேன். அதையும் முடிக்காமல் தெருவுக்கு இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன். மொன்றியலில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தாலே அரைக்காற்சட்டையோடு வாசலில் வந்து நிற்பார், உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்திருக்கும். பனி உருகிய இடங்களில் போன வருடத்து இலையும், நசுங்கிய கோப்பிக் குவளையும், ஏதோ ஒரு பிள்ளை தொலைத்த ஒற்றைக் கையுறையும் கிடக்கும். இதைத்தான் பாட்டுகளில் வசந்தம் என்கிறார்கள்.

நம்முடைய பழைய சினிமாப் பாட்டுகளில் வசந்தம் வராத பாட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். தென்றல் வரும், குயில் வரும், பூ சிரிக்கும், காதலி நாணுவாள். சின்ன வயதில் வானொலியில் அவற்றைக் கேட்டு மனப்பாடம் செய்தபோது நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. மே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. பாட்டு எழுதியவரும் வசந்தத்தைக் கண்டிருக்கமாட்டார், கேட்ட நானும் கண்டதில்லை. இந்த நகரத்துக்கு வந்த பிறகுதான் வாரத் தொடக்கத்தில் வெறும் குச்சியாக நின்ற மரம் வார முடிவில் பச்சையாக நிற்பதைப் பார்த்தேன். அட, அந்தப் பாட்டுகளெல்லாம் முகவரி மாறித்தான் எங்களிடம் வந்திருக்கின்றன என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் ஆட்கள் ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை எடுத்து வசந்த மாலை என்று ஒன்று நடத்துவார்கள். மே மாதத்தின் நடுவில் நடத்தமாட்டார்கள். அது போரில் போனவர்களை நினைக்கிற நேரம், அந்த நாட்களில் யாரும் பிறந்தநாள்கூட வைக்கமாட்டார்கள். ஊர் முழுக்க லைலாக் பூத்துக் கொட்டும்போது நாங்கள் மாதத்தில் பாதியை வாயை மூடிக்கொண்டு கடத்துவோம். பிறகு கடைசிச் சனிக்கிழமை மேடையேறி வசந்தத்தைப் பாடுவோம். இதில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. ஆனாலும் பாடாமல் இருக்கவும் என்னால் முடியாது.

அந்த மாலையில் எனக்கென்று ஒரு பாட்டு இருந்தது. வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். பழைய படத்துப் பாட்டு. தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண் தோழியோடு கதைப்பதுபோலத் தாழ்வாகத் தொடங்கும். போகப் போக ஏறும். இரண்டாவது சரணத்தின் முடிவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே குரல் படபடவென்று மேலே போய் ஒரு சுரத்தில் நிற்கவேண்டும். அந்த இடத்துக்காகத்தான் சனம் காத்திருக்கும். நான் அங்கே போய் நின்றதும் கைதட்டல் எழும்பும். குளிர்காலம் முழுக்க நான் அந்தக் கைதட்டலை நினைத்துக்கொண்டுதான் பேருந்துக்குக் காத்து நின்றேன் என்று சொன்னால் அது மிகையில்லை. கார்டெரி என்று இங்கே சொல்கிற பிள்ளைகள் காப்பகத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ மூக்குத் துடைக்கிற ஒருத்திக்கு வருடத்தில் ஒரு தரம் அப்படி ஒன்று வேண்டியிருக்கிறது.

கீபோர்ட் வாசிப்பவர் என் கணவர். பகலில் சென்லோரோனில் ஒரு களஞ்சியத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் வாத்தியம். தபேலா வாசிக்கிற அண்ணைக்கு பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, அவருடைய பேஸ்மென்டில்தான் ஒத்திகை. புல்லாங்குழல் ஊதுகிற தம்பி மன்னார்ப் பக்கம், கோயிலிலும் ஊதுவான். நாங்கள் நாலு பேரும் எத்தனையோ வருடமாக ஒன்றாக இருக்கிறோம். சண்டை பிடித்ததும் உண்டு, கதைக்காமல் இருந்ததும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டைத் தொடங்கினால் ஆளையாள் பார்க்கத் தேவையில்லை.

ஏப்ரலில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் இந்த வருடம் கீபோர்டைத் தூக்கவேண்டாம் என்றார். இப்போது எல்லாரும் கரோக்கிக்குத்தான் பாடுகிறார்கள், இணையத்தில் அந்தப் பாட்டின் இசை மட்டும் அப்படியே கிடக்கிறது, அதைப் போட்டுவிட்டு நீர் பாடும் என்றார். ஏன் என்று கேட்டேன். முதுகு நோகிறது, கீபோர்ட் பாரம் என்றார். வேலையில் பெட்டி பெட்டியாகத் தூக்குகிற மனிசன். எனக்கு அது பொய் என்று தெரிந்தது, ஆனால் எதற்கான பொய் என்று தெரியவில்லை. அவருக்கு என் பாட்டு அலுத்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்வதில் எனக்கு நல்ல பழக்கம்.

சரி, கரோக்கிதானே, பார்த்துவிடுவோம் என்று அடுத்த நாளே தொலைபேசியில் அந்த இசையைப் போட்டேன். சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது, வீட்டில் யாரும் இல்லை. தொடக்கம் கொஞ்சம் உயரமாக இருந்தது. முதல் சரணத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த இடத்துக்குப் போனபோது குரல் கீச்சென்று கிழிந்து நின்றது. மறுபடி பாடினேன். மறுபடியும் கிழிந்தது. இசையைத் தயாரித்தவன் வேகத்தைக் கூட்டியதால் சுருதியும் ஏறிவிட்டது என்று நினைத்தேன். வேறு ஒருவர் போட்டிருந்ததைத் தேடி எடுத்தேன். அதுவும் அதே உயரம்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. தொண்டையில் ஏதோ வந்துவிட்டது என்று பயந்தேன். வசந்தத்தில் இங்கே மரங்கள் மகரந்தத்தைத் தூற்றும், கார்க் கண்ணாடியெல்லாம் மஞ்சளாகும். அதுதான் காரணம் என்று ஒவ்வாமைக் குளிசை வாங்கிப் போட்டேன். அதற்குத் தூக்கம் வந்ததே தவிரக் குரல் வரவில்லை. இஞ்சி, தேன், அதிமதுரம் எல்லாம் பார்த்தேன். கிளினிக்கில் டொக்டர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நல்லாயிருக்கிறது என்றார். நல்லாயிருக்கிற தொண்டை ஏன் கிழிகிறது என்று அவரிடம் கேட்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. பேருந்து நிறுத்தத்தில் யாரும் இல்லையென்றால் அந்த இடத்தை மட்டும் பாடிப் பார்ப்பேன். யாராவது வந்தால் இருமுவேன்.

மே முதல் கிழமையில் கார்டெரியில் ஒன்று நடந்தது. நான் வேலை செய்கிற கார்டெரி வில்லரேயில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளுக்குப் பழைய பிரெஞ்சுப் பாட்டுகள் சொல்லிக்கொடுப்பார்கள். மே வந்தது, பறவை வந்தது, காட்டில் வெள்ளைப் பூ வந்தது, வா ஆடுவோம் என்கிற மாதிரிப் பாட்டுகள். எங்கள் பாட்டுகளைப்போல் இவற்றில் ஏக்கமெல்லாம் கிடையாது, முயல் மாதிரித் துள்ளிக்கொண்டு போகும். வழமையாகப் பாடிக் கொடுக்கிறவள் அன்று வரவில்லை. நீ பாடுகிறவள்தானே என்று என்னை நிறுத்திவிட்டார்கள். நான் பெருமையோடு தொடங்கினேன். பிள்ளைகள் என்னோடு சேர முயன்று உறுமின. சில பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டன. முன்வரிசையில் இருந்த ஒரு பொடிச்சி கையை உயர்த்தி, நீ கரடி மாதிரிப் பாடுகிறாய், அவ்வளவு கீழே எங்களால் வரமுடியாது என்று பிரெஞ்சில் சொன்னாள்.

நான்கு வயதுப் பிள்ளையோடு கோபிக்கக்கூடாது. நான் கோபித்தேன். மத்தியானம் முழுக்க அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பேருந்தில் வீட்டுக்கு வரும்போதுதான் யோசித்தேன். நான் பெரிய குரல்காரி என்று ஊரெல்லாம் பேர், எனக்கு உயரம்தானே பலம், பிறகு எப்படி நான் கரடியானேன்?

அடுத்த சனிக்கிழமை குழல் ஊதுகிற தம்பியைப் பார்க்கப் போனேன். அவன் கத்தோலிக்கன், மே அவர்களுக்கு மாதாவின் மாதம். ஒவ்வொரு பின்னேரமும் ஏதோ ஒரு வீட்டில் செபமாலை, அதன்பிறகு மாதாவுக்குப் பாட்டு. அவன் அந்த மாதம் முழுக்க ஓட்டத்திலேயே இருப்பான். ஒரு வீட்டு வாசலில் காருக்குள் குழல் பையை வைத்துக்கொண்டிருந்தவனைப் பிடித்தேன். கரோக்கி என்றாலும் நீ வந்து ஊது, எனக்குத் துணையாக இருக்கும் என்றேன். கட்டாயம் வருகிறேன் என்றான். பிறகு பையைத் திறந்து குழல்களைத் தடவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான்.

“பாட்டு இப்ப எந்தக் கட்டையிலை அக்கா? கீபோர்டிலை அண்ணை இறக்கி வைச்ச கட்டையிலையோ, இல்லாட்டிப் படத்திலை இருக்கிற கட்டையிலையோ? அதுக்கேற்ற குழலைக் கொண்டு வரவேணும்.”

ஒரு பாட்டின் சுருதி உயரமா தாழ்வா என்பதை நாங்கள் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். கட்டையை இறக்கினால் பாட்டு முழுக்கக் கீழே வந்துவிடும், பாடுகிறவருக்குச் சுகம். கீபோர்டில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமத்திவிட்டால் வாசிப்பவரின் விரல் பழைய இடங்களிலேயே ஓடும், சத்தம் மட்டும் கீழே இறங்கி வரும். குழலுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு குழல் வேண்டும், கட்டை இறங்க இறங்கக் குழல் நீளும். அவன் என் பாட்டுக்கு வரவர நீளக் குழலாக எடுத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். புதிதாக வாங்கியிருக்கிறான், நல்லாயிருக்கிறது என்று பாராட்டியும் இருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன் என்று திக்கினான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே சனம் மாதாவைப் பாடத் தொடங்கிவிட்டார்கள், அவன் போகவேண்டும். நான் தெருவில் நின்றேன்.

தபேலா அண்ணைக்கும் தெரிந்திருக்கும். கட்டை மாறினால் அவர் சுத்தியலால் தட்டித் தட்டித் தபேலாவைச் சரிசெய்யவேண்டும், தெரியாமல் எப்படி? ஆக, நாலு பேரில் மூன்று பேருக்குத் தெரியும். மூலப் பாட்டை நான் கேட்பதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். கேட்டால் அந்தப் பாடகி என் தொண்டைக்குள் வந்து குந்திவிடுவாள் என்று நானே பெருமையடித்திருக்கிறேன். அந்தக் கைதட்டல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வெட்கத்தில் என் காது சுட்டது. வசந்தம் வசந்தம் என்று நான் பாடிக்கொண்டிருக்க, இவர்கள் எனக்குத் தெரியாமல் வானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே பதித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தொலைக்காட்சியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதத்தில் இந்த நகரத்தில் அதற்குமேல் முக்கியமான விஷயம் கிடையாது. நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன். எத்தனை வருசமா இறக்கிறியள் என்று கேட்டேன். எதை என்று அவர் கேட்கவில்லை. இடது கையால் சத்தத்தைக் குறைத்தார்.

“நினைவில்லை. ஒருக்கா உமக்குக் காய்ச்சல், அண்டைக்கு அரைக் கட்டை இறக்கினன். நீர் நல்லாப் பாடினீர். பேந்து ஏத்த மனம் வரேல்லை.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் நீர் அண்டையோடை பாட்டை விட்டிருப்பீர்.”

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டீர்கள், நான் என்ன பைத்தியமா, என்னைப் பற்றி நீங்கள் மூன்று பேரும் கூடிக் கூடி முடிவெடுக்க என்று கத்தினேன். பொய்யன் என்றேன். இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்து எழும்பிக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். மேடையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், என் பேரை வெட்டச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். எங்கே நடந்தேன் என்று தெரியாது. ஆற்றங்கரை வரைக்கும் போய்விட்டேன். அங்கே சோடி சோடியாக ஆட்கள் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

அதன்பிறகு இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் கதைத்தோம். சோறு இருக்கு, பில் வந்திருக்கு, அவ்வளவுதான். வீட்டில் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பாடக்கூடாது என்று முடிவு செய்தவளின் வாய் அந்தப் பாட்டையே முணுமுணுத்தது. அதை நிறுத்தினால் கார்டெரியின் முயல் பாட்டு வந்தது. விழாக் குழுவிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் எடுக்கவில்லை. ஆனால் பேரை வெட்டச் சொல்லியும் நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாத நடுவில் நினைவு நிகழ்வு வந்தது. கோபம் இருந்தாலும் அதற்குத் தனித்தனியாகப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பூங்காவில் பின்னேர வெளிச்சம் இன்னும் இருந்தது. எல்லாரும் கறுப்பு உடுப்போடு வரிசையாக நின்றோம். காற்றுப் படாமல் கடதாசிக் குவளைக்குள் வைத்த மெழுகுதிரியை ஆளுக்கொன்று தந்தார்கள். அகவணக்கம் என்றார்கள், சனம் அமைதியானது. எங்கள் வீட்டிலிருந்தும் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைக்கத்தான் நான் தலையைக் குனிந்தேன்.

குனிந்தபோது அவருடைய கை தெரிந்தது. குவளை ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தேன். என்னுடைய சுடர் நேராக நின்றது, முன்னால் நின்றவருடையதும் நேராக நின்றது. அவருடைய வலது கையில் மட்டும் சுடர் துடித்தது. மெழுகு அவருடைய பெருவிரலில் சிந்தியது, அவர் அசையவில்லை. பிறகு யாரும் பார்க்காதபடி திரியை மெல்ல இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த அமைதி முடிய வெகுநேரம் எடுத்ததுபோல் எனக்கிருந்தது.

காருக்குள் ஏறியதும் கையைக் காட்டச் சொன்னேன். ஒன்றுமில்லை என்றார். காட்டுங்கோ என்றேன். ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். மோதிரவிரலும் சின்னவிரலும் தங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

“ரெண்டு விரலும் சொல்வழி கேக்குதில்லை,” என்றார். “அதுதான் கரோக்கி எண்டனான்.”

ஏப்ரலில் பனிக்காலத்துக்குப் போட்ட குளிர் டயரை மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அதே டயரோடு திரும்பி வந்திருந்தார். கராஜில் சரியான சனம் என்று சொன்னதை நான் நம்பியிருந்தேன். அன்றைக்கு நரம்பு வைத்தியரிடம்தான் போயிருக்கிறார். கை நடுக்க வியாதியின் தொடக்கம், மருந்து இருக்கிறது, முழுக்கக் குணமாக்க முடியாது, மெதுவாகத்தான் கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவையும் தனியாகக் கேட்டு, தனியாகக் காரோட்டி வந்து, என்னுடைய இஞ்சித் தேநீரைப் பற்றியும் தொண்டையைப் பற்றியும் விசாரித்திருக்கிறார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிடித்தால் நடுக்கம் நின்றது, விட்டால் தொடங்கியது.

நீங்கள் வாசித்தால் மட்டும் பாடுவேன், இல்லாவிட்டால் வசந்தமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். பிழைத்தால் சனம் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன். கட்டையை என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு முன்னால் வைத்து இறக்கச் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் அப்படியே செய்தார். பொத்தானை அவர் அமத்த அமத்தக் கீபோர்டின் சின்னத் திரையில் எண் மாறியது. அவ்வளவு தூரம் இறங்கியிருப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பார்க்க நொந்தது. ஆனால் பாடினேன், குரல் போய் அந்த இடத்தில் நின்றது.

என் பங்கு சரியாகிவிட்டது. அவருடைய பங்குதான் சரிவரவில்லை. பியர்பொன்ட்ஸ் ஒத்திகையில் அது எல்லாருக்கும் தெரிந்தது. குரல் மேலே ஏறுகிற அந்த இடத்தில் கீபோர்டும் கூடவே படியேறி வரவேண்டும். அவருடைய விரல்கள் பிந்தின. நான் போய்ச் சேர்ந்துவிட்டேன், அவர் பாதி வழியில் நின்றார். இன்னொருக்கா என்றார். இன்னொரு தரமும் பிந்தியது. அவருடைய முகத்தில் ஓர் இறுக்கம் வந்தது. இத்தனை வருடத்தில் வாசிக்கும்போது நான் அப்படி ஒரு முகத்தை அவரில் கண்டதில்லை. விழாவன்று மருந்தை நேரத்துக்குப் போட்டால் சரியாகும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அவர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நான் தபேலா அண்ணையை வெளியே கூப்பிட்டேன். குழல்காரத் தம்பியும் பின்னால் வந்தான். பாட்டைக் கொஞ்சம் ஆறுதலாக எடுப்போம், நீங்கள் வேகத்தைப் பிடியுங்கோ, அவருக்குத் தெரியவேண்டாம் என்றேன். மேலே போகிற இடத்தில் நான் நின்று கொடுப்பேன், அவர் வந்து சேரும் வரைக்கும் யாரும் அடுத்த அடிக்குத் தாவவேண்டாம் என்றேன். அண்ணை ஏன் என்று கேட்கவில்லை. சரி தங்கச்சி என்று தலையாட்டினார். இதே மாதிரித்தான் அவர் என் கணவருக்கும் தலையாட்டியிருப்பார் என்று எனக்குப் பட்டது. அவருக்கு இது பழகின வேலை.

கடைசிச் சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வடையும் ரோல்ஸும் விற்கிற மேசையிலிருந்து வாசம் வந்தது, பிள்ளைகள் கதிரைகளுக்கிடையில் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடின. எங்கள் பாட்டு வந்தது. வழமையாக நான் சனத்தைப் பார்த்துப் பாடுவேன். அன்று பாதி உடம்பைத் திருப்பி அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டு பாடினேன். தபேலா மெல்ல நடந்தது. தோட்டத்துக்குப் போகிற அந்தப் பெண் அன்றைக்கு ஒன்றுக்கும் அவசரப்படவில்லை, ஒவ்வொரு பூவாக நின்று பார்த்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது சரணத்தின் முடிவு வந்தது. நான் ஏறிப்போய் அந்தச் சுரத்தில் நின்றேன். அவர் இன்னும் கீழே இருந்தார். மோதிரவிரல் கீபோர்டின் கட்டையைத் தேடித் தடவியது. நான் மூச்சை விடவில்லை. நின்றேன். சனம் வழமையான இடத்தில் கைதட்டத் தொடங்கியது. நான் இன்னும் நிற்கிறேன் என்று கண்டதும் கைதட்டல் கூடியது, யாரோ விசிலும் அடித்தார்கள். எனக்கு நெஞ்சு வலித்தது, கண் இருண்டுகொண்டு வந்தது, இனி முடியாது என்று நினைத்த நேரம் அவருடைய விரல் வந்து சேர்ந்தது. அண்ணை ஒரு தட்டுத் தட்டி எங்கள் இரண்டு பேரையும் கீழே இறக்கினார். இந்த வயதிலும் என்ன மூச்சு என்று இறங்கி வரும்போது ஒரு அக்கா என் கன்னத்தைக் கிள்ளினா.

திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். அவர் பக்கத்தில் சந்தோசமாக இருந்தார், அப்படி அவரைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடித்து விரித்துப் பார்த்தார்.

“இண்டைக்குக் கை நல்லா நிண்டது,” என்றார். “மருந்து பிடிக்குது போலை. வாற வருசமும் வாசிக்கலாம்.”

“ஓம்,” என்றேன். “முந்தி மாதிரியே வாசிச்சியள்.”

சிவப்பு விளக்கில் நின்றோம். பாட்டுக் கொஞ்சம் மெதுவாகப் போனதா என்று கேட்டார். இல்லை, எப்போதும் போகிற வேகம்தான் என்று சொன்னேன். கண்ணாடியில் பின்னால் வருகிற காரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் குரல் நடுங்காமல் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு ஜன்னலை இறக்கினார். விளக்குப் பச்சையாகிவிட்டது, நான் காரை எடுத்தேன்.